கால்சட்டை போடாத மாப்பிள்ளை

வியாழக்கிழமை காலை பத்தேகால். கெசியா மாப்ஸ் அச்சகத்தின் பின்கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கூடையைக் கீழே வைத்தாள். காலணியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"மாப்பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்பிட்டார்."

தபிதா தர்ட்டில் கண்ணாடி முன் நின்று தொப்பிக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். வாயில் இன்னும் இரண்டு ஊசி. "ம்," என்றாள்.

"கால்சட்டை போடாம கிளம்பிட்டார்."

தபிதா வாயிலிருந்த ஊசிகளை எடுத்தாள்.

"மறந்துட்டாரா?"

"மறக்கல. கொள்கையாம்."

"பின்ன என்ன போட்டிருக்கார்?"

"ராத்திரிச் சட்டை. கணுக்கால் வரைக்கும் இருக்கு. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல, அதுக்குக் கீழ பூட்ஸ். சந்தை வழியா நடந்து வர்றார். மீன்காரி விக்கறதை விட்டுட்டுப் பின்னாலயே போறா."

தபிதா தொப்பியைச் சரி செய்தாள். முப்பத்து நாலு வயதில் முதல் முறையாகக் கல்யாணம் செய்துகொள்கிறவள் எதற்கும் அவசரப்படக் கூடாது என்று அவள் முடிவு செய்து வைத்திருந்தாள். ஆனால் ஊசி தொப்பியைத் தாண்டி விரலில் குத்தியது.

1868 ஜனவரி. நார்ஃபோக் பக்கத்து வென்ஷம் ஊரில் குளம் உறைந்து கிடந்தது.

ஆம்ப்ரோஸ் லிங்வுட் தொழிலாளர் கல்விக் கழகத்தில் ஆசிரியர். கணக்கு, பூகோளம், இரண்டும் போக மிச்ச நேரத்தில் சுதந்திரம். லண்டனில் ஒரு தத்துவவாதி இருந்தார். பார்லிமெண்டிலும் இருந்தார். போன வருஷம் ஓட்டுரிமை மசோதாவில் 'ஆண்' என்று இருந்த இடத்தில் 'ஆள்' என்று ஒரே ஒரு வார்த்தையை மாற்றச் சொல்லி எழுந்து நின்றார். சபை சிரித்தது, எழுபத்து மூன்று பேரைத் தவிர. அந்தச் செய்தி வந்த தாளை ஆம்ப்ரோஸ் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மடிப்பு கிழியும் வரை வைத்திருந்தார்.

தத்துவவாதி எழுதிய எல்லாமே அவருக்கு மனப்பாடம். அடுத்தவனுக்குத் தீங்கு வராத வரை ஒருவன் தன் இஷ்டத்துக்கு இருக்கலாம். ஊர் வழக்கம் என்பதாலேயே ஒன்று சரியாகிவிடாது. பெண்ணின் சுபாவம் என்று ஊர் சொல்வதெல்லாம் பெண்ணை வளர்த்த விதம்தான். ஒருத்தரை ஒருத்தருக்குக் கீழே வைத்தால் இரண்டு பேரும் கெட்டுப்போவார்கள். கீழே இருப்பவர் பயத்தால், மேலே இருப்பவர் பழக்கத்தால்.

இவ்வளவையும் நம்புகிற ஆள் ஒரு பெண்ணிடம் கல்யாணப் பேச்சு எடுப்பது சுலபமில்லை. "உங்களுக்கா, யாருடைய தூண்டுதலும் இல்லாம, அப்படி ஒரு எண்ணம் தோணுச்சுன்னா, அதுக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன்," என்றார். அது கல்யாணப் பேச்சு என்று தபிதாவுக்குப் புரிய நாலு நாள் ஆனது. புரிந்ததும் சம்மதித்தாள். ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும் வரை காத்திருக்கும் ஆண்பிள்ளையை அவள் அதுவரை பார்த்ததில்லை.

சிக்கல் ஆம்ப்ரோஸ் அல்ல. அச்சகம்.

தபிதாவின் அப்பா ஜோசப் தர்ட்டில் சாகும்போது உயிலில் எல்லாவற்றையும் நேராகப் பிரித்திருந்தார். மூத்தவள் லிடியாவுக்குப் பதினாலு பெட்டி ஈய அச்செழுத்து. இளையவள் தபிதாவுக்குக் கை அச்சு இயந்திரமும் மிச்ச எழுத்தும். லிடியா ஊரின் பெரிய அச்சகக்காரர் ஜேபஸ் அட்டிங்கைக் கட்டிக்கொண்டாள். மோதிரம் விரலில் ஏறிய நிமிஷம் பதினாலு பெட்டியும் அட்டிங்குடையதாகிவிட்டது. யாரும் திருடவில்லை. சட்டம் அப்படி. கல்யாணம் ஆனால் கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே ஆள். எந்த ஆள் என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு மாதத்தில் அட்டிங் அந்த எழுத்துக்களை உருக்கினார். பழைய மாதிரி எழுத்து, ஓடாது என்றார். தேவாலயப் பாட்டுத் தாள் கோக்க எனக்கு ஒரே ஒரு பெட்டியாவது விடுங்களேன் என்று லிடியா கேட்டாள். "உனக்கா?" என்று அட்டிங் உண்மையிலேயே புரியாமல் கேட்டார். நாலு வருஷத்தில் லிடியா மார்ச்சளியில் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அட்டிங் மச்சினிச்சியைப் பார்க்க வருவார். கொழுத்த வாத்தைப் பார்ப்பதுபோல அச்சு இயந்திரத்தைப் பார்த்துவிட்டுப் போவார்.

அந்த இயந்திரத்தில் ஓடும் ஒவ்வொரு தாளின் அடியிலும் அச்சிட்டவர் பெயர் இருக்க வேண்டும். அதுவும் சட்டம், பெயர் இல்லாவிட்டால் தாளுக்குத் தாள் அபராதம். அந்த வரியைத் தினமும் கோக்க முடியாது என்பதால் நூல் சுற்றி அப்படியே கட்டி வைத்திருப்பார்கள். அப்பா காலத்தில் 'ஜே. தர்ட்டில், வென்ஷம்.' அவர் செத்த மறுநாள் தபிதா நூலை அவிழ்த்து, ஜே-வை எடுத்துவிட்டுத் தன் பெயரின் டி-யை வைத்து, மறுபடி கட்டினாள். ஒரே ஒரு எழுத்து. பன்னிரண்டு வருஷமாக ஏல நோட்டீஸ், சாவுச் சீட்டு, மாட்டுச் சந்தை அறிவிப்பு எல்லாவற்றின் காலடியிலும் அந்த எழுத்து நின்றது.

செவ்வாய்க்கிழமை அவள் அதை வெளியே எடுத்துவிட்டாள். இப்போது அது அவளுடைய இடது கையுறைக்குள், உள்ளங்கையில் குத்திக்கொண்டு இருந்தது. ஏன் என்று ஊரில் கெசியாவுக்குத்தான் தெரியும். கெசியா தபிதாவின் அப்பாவிடம் எழுத்து கோக்கச் சேர்ந்தவள். வயது ஐம்பத்தொன்று, கன்னி. கல்யாணம் பண்ணிக்கொள்ள முதலில் நேரம் இல்லை. நேரம் வந்தபோது ஆசை இல்லை.

"போலாமா?" என்றாள் கெசியா. "அவர் விறைச்சுப் போறதுக்குள்ள போனா நல்லது. செத்துட்டா நீ விதவைகூட ஆக முடியாது."

தேவாலய வாசலில் பாதி ஊர் நின்றது. நடுவில் ஆம்ப்ரோஸ். சட்டை வெள்ளையாக இருந்தது, முகம் அதைவிட வெள்ளையாக இருந்தது. எதிரே கான்ஸ்டபிள் பில்ச் கைவிளங்கை எடுப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றான்.

"நீங்க இப்படி நிக்கக் கூடாது, வாத்தியாரே."

"எந்தச் சட்டத்துல?"

"அது... பொதுவா."

"இதனால யாருக்காவது தீங்கு உண்டா, பில்ச்? யோசிச்சுச் சொல்லுங்க. முகம் சுளிக்கறது தீங்கில்ல. தீங்கு வேணும்."

பில்ச் யோசித்தான். "மிஸஸ் பேல்ஸ் மயக்கம் போட்டுட்டாங்க."

"அவ செவ்வாக்கிழமையும் போட்டா!" என்று கூட்டத்தில் ஒரு குரல். "முட்டை விலை கேட்டு!"

பில்ச் கைவிளங்கை உள்ளே வைத்தான். கணுக்கால் வரை மூடியிருக்கிறது. பெண்கள் கவுன் அளவுக்கு இருக்கிறது. பெண்களை யாரும் கைது செய்வதில்லை. மனதுக்குள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வழி விட்டான்.

தபிதா வந்து நின்றாள். "ஆம்ப்ரோஸ். ஏன்?"

அவர் பற்கள் தந்தியடித்தன. ஆனாலும் விளக்கினார். இந்தத் தேவாலயப் பதிவேட்டில் இருக்கிறது. எண்பது வருஷத்துக்கு முன் ஒரு விதவை வெறும் உள்ளங்கியோடு வந்து கல்யாணம் செய்துகொண்டாள். ஒன்றும் கொண்டு வரவில்லை என்பதற்கு அடையாளம். அதனால் முதல் புருஷன் விட்டுப்போன எந்தக் கடனும் இரண்டாவது புருஷன் தலையில் விழவில்லை. வென்ஷத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி இது. உள்ளங்கியோடு வந்தால் ஒட்டாது.

"அதைத் திருப்பிப் போட்டேன்," என்றார் ஆம்ப்ரோஸ். "பொண்ணு உள்ளங்கியோட வந்தா பொண்ணோடது மாப்பிள்ளைக்கு ஒட்டாது. மாப்பிள்ளை சட்டையோட வந்தா? எங்கிட்ட எதுவும் வந்து சேராது. வாங்கி வச்சுக்கப் பையே இல்லையே! அச்சகம் உங்களுக்கே நிக்கும். உங்க சுதந்திரத்துக்காகத்தான்."

கூட்டத்தில் வயதான இரண்டு பேர் தலையாட்டினார்கள். நியாயமாகத்தான் பட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றாள் தபிதா.

ஆம்ப்ரோஸ் பதில் சொல்ல வாயைத் திறந்து தும்மினார்.

உள்ளே முதல் பெஞ்சில் ஜேபஸ் அட்டிங் உட்கார்ந்திருந்தார். நல்ல கோட்டு, நல்ல பைக்கடிகாரச் சங்கிலி, நல்ல மனநிலை. பக்கத்தில் வக்கீல் லார்ட்டர், மடியில் பையோடு.

"வராம இருப்பேனா, மச்சினிச்சி!" என்றார் அட்டிங். "உனக்குச் சொந்தம்னு நான்தானே மிச்சம்! லார்ட்டரையும் கூட்டிட்டு வந்தேன். கல்யாணத்துல சட்டம் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தா நல்லதில்ல?"

பாதிரியார் டன்னிங் இளைஞர். மாப்பிள்ளையைப் பார்த்தார். ஜெப புத்தகத்தைத் திறந்து கல்யாண ஆராதனைக்கான விதிகளைப் படித்தார். திருப்பிப் படித்தார். கால்சட்டையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"பதினொண்ணு இருபது," என்றார். "பன்னிரண்டுக்குள்ள முடிக்கணும். மணி அடிச்சப்பறம் மோதிரம் போட்டா நான் ஜெயிலுக்குப் போவேன், உங்க கல்யாணம் செல்லாது. ஆரம்பிக்கட்டுமா?"

"ஒரு நிமிஷம், ஐயா," என்று அட்டிங் எழுந்தார். "நல்ல காரியத்துக்கு முன்னால மனசுல இருக்கறதைப் பேசிடணும். லிங்வுட், திங்கக்கிழமை காலைல என் ஆபீஸுக்கு வாங்க. அந்த அச்சு மெஷின் விஷயமா. வாத்தியாருக்கு எதுக்கு அவ்வளவு பெரிய இரும்பு? நல்ல விலை போட்டு எடுத்துக்கறேன்."

"அது என்னோடது இல்ல," என்றார் ஆம்ப்ரோஸ் பெருமையாக. "சட்டையைப் பாருங்க."

அட்டிங் திரும்பினார். "லார்ட்டர், சட்டை?"

லார்ட்டர் தொண்டையைச் செருமினார். "சட்டையால சட்டத்துல ஒரு பிரயோஜனமும் இல்ல, மிஸ்டர் லிங்வுட். அந்த விதவை கதை ஊர்ப் பேச்சு. எந்தக் கோர்ட்டும் ஏத்துக்கிட்டது இல்ல. நீங்க கோட்டுப் போட்டு வந்தாலும் சரி, சாக்கைச் சுத்திட்டு வந்தாலும் சரி, மோதிரம் போட்ட நிமிஷம் மனைவியோட அசையும் பொருள் எல்லாம் உங்களோடது. வேண்டாம்னு சொன்னாலும் உங்களோடதுதான். அதைத் திருப்பி அவங்களுக்கே கொடுக்கவும் முடியாது. நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆள். தனக்குத் தானே தானம் பண்ணிக்க முடியுமா?"

ஆம்ப்ரோஸ் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். சந்தை முழுக்க நடந்து வந்த சட்டை.

"அப்படின்னா," என்றார் மெதுவாக, "நான் இந்தக் கல்யாணத்தைப் பண்ணிக்க முடியாது."

"என்னது?" என்றாள் தபிதா.

"எனக்கு விருப்பம் இல்லாமலே நான் உங்களுக்கு எஜமானன் ஆயிடுவேன். அது தப்பு. மன்னிச்சுக்குங்க, தபிதா. உங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதனாலதான் முடியாது."

மணி பதினொண்ணு முப்பத்தி ஒன்று. பெண்ணுக்குச் சமத்துவம் வேண்டும் என்பதற்காகவே ஒரு மாப்பிள்ளை பெண்ணைப் பீடத்தின் முன் நிறுத்திவிட்டுப் போகப் பார்த்தது வென்ஷத்தில் அதுதான் முதல் தடவை.

தபிதா கையுறைக்குள் இருந்த எழுத்தை அழுத்தினாள். இனி மறைக்க முடியாது.

"நில்லுங்க. அச்சகம் உங்களோடது ஆகாது. ஏன்னா அது என்னோடதே இல்ல."

அட்டிங்கின் புன்னகை இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அதன் பின்னால் யாரும் இல்லை.

"செவ்வாக்கிழமை எல்லாத்தையும் கெசியாவுக்கு எழுதிக் குடுத்துட்டேன். மெஷின், எழுத்து, மை, துடைக்கற துணி வரைக்கும். தானப் பத்திரம். ரொட்டிக்கடைக்காரர் சாட்சி."

"நான்தான்!" என்று பின்பெஞ்சில் ரொட்டிக்கடைக்காரர் கையைத் தூக்கினார்.

"பத்திரம் எழுதற முறை உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அட்டிங்.

"மிஸ்டர் லார்ட்டரோட பத்திரப் படிவமெல்லாம் யார்கிட்ட அச்சாகுதுன்னு நினைச்சீங்க? பன்னிரண்டு வருஷமா ஒவ்வொரு எழுத்தையும் தலைகீழா கோத்திருக்கேன். கல்யாணம் ஆகாத பொண்ணும் விதவையும் சொத்து வச்சுக்கலாம். பொண்டாட்டி மட்டும்தான் முடியாது. கெசியா கல்யாணம் ஆகாதவ."

"ஆகவும் மாட்டேன்," என்றாள் கெசியா. "யாரும் ஆசைப்பட வேண்டாம்."

லார்ட்டர் மறுபடி தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் தபிதாவுக்குப் பிடிக்கவில்லை.

"படிவத்துல இல்லாதது ஒண்ணு இருக்கு, மிஸ் தர்ட்டில். நிச்சயம் ஆனப்பறம், மாப்பிள்ளைக்குத் தெரியாம, பொண்ணு தன் சொத்தை வேற ஆளுக்கு மாத்தினா அது புருஷனோட உரிமையை மோசம் பண்ணினது. கல்யாணம் ஆனப்பறம் புருஷன் கோர்ட்டுக்குப் போய் அதை ரத்து பண்ணலாம். மிஸ்டர் லிங்வுட்டுக்குத் தெரியுமா?"

தெரியாது என்பது ஆம்ப்ரோஸின் முகத்தில் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது.

"பார்த்தீங்களா, லிங்வுட்!" அட்டிங் ஒரே எட்டில் அவர் பக்கம் வந்து தோளில் கை போட்டார். "ஆம்பளைக்கு ஆம்பளை சொல்றேன். நீங்க பாவம், அவளுக்காக ஊரெல்லாம் சட்டையோட நடந்தீங்க. அவ உங்களுக்குத் தெரியாம எல்லாத்தையும் ஒளிச்சு வச்சுட்டா. இப்படிப்பட்டவளையா கட்டிக்கப் போறீங்க? இல்ல, கட்டிக்குங்க. அப்புறம் லார்ட்டர்கிட்ட வாங்க. ஒரே கையெழுத்து. கழகக் கமிட்டியில நான் இருக்கேங்கறதையும் ஞாபகம் வச்சுக்குங்க."

ஆம்ப்ரோஸ் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்தார். யாருடைய பொருளையோ திருப்பிக் கொடுப்பதுபோல எடுத்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல, தபிதா?"

"சட்டையைப் பத்தி நீங்க எங்கிட்ட சொன்னீங்களா?"

"அது உங்க நல்லதுக்கு."

"லிடியாவோட எழுத்தை உருக்கினவரும் அதையேதான் சொன்னார்."

ஆம்ப்ரோஸுக்கு அடி விழுந்ததுபோல் இருந்தது. தபிதாவுக்கும் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இருந்தது. ஆனால் மணி பதினொண்ணு முப்பத்தெட்டு; வருத்தப்பட நேரம் இல்லை.

"நீங்க நல்லவர்," என்றாள். "எனக்குத் தெரியும். நாளைக்கும் நல்லவராத்தான் இருப்பீங்க. பத்து வருஷம் கழிச்சும் இருக்கலாம். ஆனா நீங்க நல்லவரா இருக்கற வரைக்கும்தான் என் அச்சகம் எனக்குன்னா, அது எப்படி எனக்கு? தினமும் காலைல எழுந்து உங்க முகத்தைப் பார்த்து, இன்னிக்கும் நல்லவராத்தான் எழுந்திருக்காரான்னு பார்க்கணுமா?"

ஆம்ப்ரோஸ் கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருப்பவர் மட்டுமல்ல. பதில் வந்தால் காதுகொடுத்துக் கேட்பவரும்கூட. அது இன்னும் அபூர்வம்.

"இதையே கழகத்துல முப்பது தடவை பேசியிருக்கேன்," என்றார் கடைசியில். "எஜமானன் அன்பா இருக்கறதால அடிமை சுதந்திரம் ஆயிட மாட்டான்னு. முப்பது தடவையும் எஜமானன்னு சொன்னப்போ வேற யாரையோ நினைச்சுட்டேன்." லார்ட்டர் பக்கம் திரும்பினார். "தெரியாம மாத்தினாத்தானே மோசடி? இப்போ தெரிஞ்சுடுச்சு. தெரிஞ்சு கட்டிக்கறேன். போதுமா?"

லார்ட்டர் அட்டிங்கைப் பார்த்தார். அட்டிங் கூரையைப் பார்த்தார். இருந்தாலும் லார்ட்டர் முப்பது வருஷ வக்கீல். சட்டத்தைத் தப்பாகச் சொல்ல நாக்கு வரவில்லை.

"போதும். கல்யாணத்துக்கு முன்னாடியே தெரிஞ்சதுன்னு எழுத்துல இருந்தா நல்லது."

"தாள் குடுங்க."

லார்ட்டரின் கை பைக்குள் போனது.

"அந்தத் தாள் எல்லாம் என் கம்பெனி காகிதம், லார்ட்டர்," என்றார் அட்டிங்.

கை வெளியே வந்தது. வெறும் கை.

பாதிரியாரிடம் கல்யாணப் பதிவேடு இருந்தது. அதில் ஒரு பக்கம் கிழித்தால் பிஷப் அவரைக் கிழிப்பார். கூட்டத்தில் மீன் சுற்றிய தாள் ஒன்று வந்தது, மை நிற்கவில்லை. மணி பதினொண்ணு நாற்பத்தி நாலு.

"எதுல எழுதணும்னு சட்டம் ஏதாவது சொல்லுதா?" என்றாள் கெசியா.

"சொல்லல," என்றார் லார்ட்டர்.

"கத்திரிக்கோல்?"

மீன்காரி கொடுத்தாள். கெசியா மண்டியிட்டு, தாள் வெட்டும் கையால் ஒரே நேர்கோடாக, மாப்பிள்ளையின் சட்டையின் அடியில் ஒரு முழ அகலத்துக்கு வெட்டினாள். சட்டை முழங்காலுக்கு ஏறியது. கான்ஸ்டபிள் பில்ச் ஓரடி முன்னால் வந்தான்.

"தீங்கு இருக்கா, பில்ச்?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"இன்னும் இல்ல, வாத்தியாரே. இதுக்கு மேல வெட்டினா இருக்கும்."

பதிவேட்டு மையைத் தொட்டு ஆம்ப்ரோஸ் துணியில் எழுதினார். பேனா நூலில் சிக்கிச் சிக்கிப் போனது. அச்சகம் கெசியா மாப்ஸுடையது என்று கல்யாணத்துக்கு முன்பே அறிவேன், அறிந்தே சம்மதிக்கிறேன். கையெழுத்து, தேதி, நேரம். ரொட்டிக்கடைக்காரர் மறுபடி சாட்சி, அவருக்குப் பழகிவிட்டது.

பதினொண்ணு ஐம்பது.

"சீக்கிரம், ஐயா!" என்றாள் கெசியா.

பாதிரியார் டன்னிங் அன்று படித்த வேகத்தில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் அந்த ஆராதனையைப் படித்ததில்லை. தடை இருப்பவர்கள் இப்போதே சொல்லுங்கள் என்ற இடத்தில் அட்டிங் எழுந்தார். "மாப்பிள்ளைக்கு முழங்கால் தெரியுது." "அது தடை இல்ல, உட்காருங்க," என்று பாதிரியார் மூச்சு விடாமல் சேர்த்தே படித்துவிட்டுப் போனார்.

புருஷனுக்குக் கீழ்ப்படிவேன் என்று பெண் சொல்ல வேண்டிய இடம் வந்தது. அந்த வார்த்தையை விடச் சொல்லி ஆம்ப்ரோஸ் மூன்று வாரமாகப் பாதிரியாரிடம் மன்றாடியிருந்தார். புத்தகத்தில் உள்ளதை மாற்ற முடியாது என்று பாதிரியார் மறுத்திருந்தார். தபிதா வாயைத் திறந்தாள். அதே நொடி கெசியாவுக்கு இருமல் வந்தது. மார்ச்சளிக்காரர்கள்கூட மரியாதையோடு திரும்பிப் பார்க்கும் இருமல். அது நின்றபோது தபிதாவின் வாய் மூடியிருந்தது.

"சொல்லியாச்சா?" என்றார் பாதிரியார்.

"உங்களுக்குக் கேக்கலையா?" என்றாள் கெசியா.

பதினொண்ணு ஐம்பத்தாறு. பாதிரியாருக்குக் கேட்டிருந்தது.

மோதிரத்துக்காகத் தபிதா இடது கையுறையைக் கழற்றினாள். ஏதோ ஒன்று கல் தரையில் 'டிங்' என்று விழுந்தது. அவள் குனியப் போனாள், நேரம் இல்லை. "என்னுடைய உலகச் சொத்து அனைத்தையும் உனக்குத் தருகிறேன்," என்று ஆம்ப்ரோஸ் முக்கால் சட்டையோடு நின்று உரக்கச் சொன்னார். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. தேவாலயமே சிரித்தது, பில்ச்கூட.

மோதிரம் ஏறியது. முதல் மணி அடித்தபோது கணவனும் மனைவியும் ஒரே ஆளாகி ஒரு நிமிஷம் ஆகியிருந்தது.

மத்தியானம் ஒன்றரைக்கு அச்சகத்தில் டீ. உரிமையாளர் என்ற முறையில் கெசியா முதலில் ஊற்றிக்கொண்டாள். ஆம்ப்ரோஸ் அடுப்பருகில் கம்பளிக்குள் இருந்தார். இப்போது கால்சட்டை இருந்தது. டீ ஆறுவதற்கு முன்பே கழகக் கமிட்டியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நடத்தை சரியில்லாததால் திங்கள் முதல் வகுப்பு எடுக்க வர வேண்டாம். அட்டிங் நல்ல தாளில் எழுதியிருந்தார்.

ஆம்ப்ரோஸ் அதை இரண்டு தடவை படித்தார். தும்மினார். "மிஸ் மாப்ஸ், இங்க ஆள் தேவைப்படுமா?"

"மை தடவ ஆள் வேணும். விரலெல்லாம் கறுத்துடும். எட்டு மணிக்கு வரணும். பேசக் கூடாது."

"சுதந்திரத்தைப் பத்திகூடவா?"

"அதை டீ வேளையில பேசிக்குங்க."

தபிதா அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. எழுத்து மேஜையருகில் நின்றாள். நாளைய மாட்டு ஏல நோட்டீஸ் கோத்து இறுக்கி ஓட்டத் தயாராக இருந்தது, கடைசி வரி தவிர. அங்கே நூல் கட்டிய பழைய வரி இருந்தது, முதல் எழுத்து இல்லாமல், பல் விழுந்த வாய் மாதிரி. கெசியாவின் கே-யை எடுத்து வைக்க வேண்டும். தர்ட்டிலை எடுத்துவிட்டு மாப்ஸ் கோக்க வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் யோசித்தபோது இதையும் யோசித்திருந்தாள். இயந்திரம் மிஞ்சும், பெயர் போகும். பரவாயில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டது இப்போது சொல்ல வரவில்லை. அவள் கே பெட்டியில் கை வைத்தாள்.

"என் பிரஸ்ல ஒரு எழுத்து குறையுது," என்றாள் கெசியா பின்னாலிருந்து.

தபிதா திரும்பினாள்.

"செவ்வாக்கிழமை பத்திரத்துல 'எல்லா எழுத்தும்'னு எழுதிக் குடுத்துட்டு, ஒண்ணைக் கையுறைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்க. அதுக்குப் பேர் திருட்டு. பில்ச்சைக் கூப்பிடட்டுமா?"

கெசியா கையை நீட்டினாள். உள்ளங்கையில் டி. தேவாலயத் தரையில் விழுந்ததில் அதன் ஒரு மூலை லேசாக நசுங்கியிருந்தது. மோதிரம் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் கெசியா அதன் மேல் காலை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"சட்டம் சொந்தக்காரர் பேரைக் கேக்கல, அச்சிட்டவர் பேரைத்தான் கேக்குது," என்றாள். "கைப்பிடி இழுக்கறது யாரு? நான் இல்ல. எனக்குத் தோள் வலி."

"ஆனா இப்போ நான் லிங்வுட்டாச்சே," என்றாள் தபிதா.

கம்பளிக்குள்ளிருந்து ஒரு மூக்கடைத்த குரல் வந்தது. "கல்யாணம் ஆனா பேரை மாத்தணும்னு சட்டமே இல்ல. ஊர் வழக்கம் மட்டும்தான். தேடிப் பார்த்துட்டேன்." ஒரு தும்மல். "இந்தத் தடவை உங்களைக் கேட்டுட்டுச் சொல்லியிருக்கணும். மன்னிக்கணும்."

"அப்படியே இருந்தாலும் லிங்வுட்டுக்கு அந்த வரியில இடம் பத்தாது," என்றாள் கெசியா. "ஓட்டு, பொண்ணே. மாட்டுக்காரன் நாலு மணிக்கு வர்றான்."

தபிதா நூலை அவிழ்த்து எழுத்தை வைத்தாள். மறுபடி கட்டி, வரியை இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கினாள். ஆம்ப்ரோஸ் கம்பளியை விட்டு எழுந்து வந்து உருளையால் மை தடவினார், ரொம்பவே தடவிவிட்டார். கெசியா முறைத்தாள். தபிதா தாளை வைத்துக் கைப்பிடியை இழுத்தாள்.

முதல் தாள் வந்தது. பதினேழு பசு, இரண்டு காளை, ஒரு சினை எருமை என்று கெசியா தப்பாகக் கோத்திருந்தாள். நார்ஃபோக்கில் எருமை ஏது. அதை மாற்ற வேண்டும். அடியில், ஒரு மூலை நசுங்கி, ஆனால் படிக்கும்படியாக: டி. தர்ட்டில், வென்ஷம்.